தங்கத்தேர் கடைப் பொம்மைகள் உட்கார்ந்த கதை

தங்கத்தேர் ஜவுளி மாளிகையின் பொம்மைகள் உட்கார்ந்தது ஆடித் தள்ளுபடியின் முதல் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, ஊத்துப்பேட்டைக் கடைவீதியில் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் நெரிந்துகொண்டிருந்த வேளையில். இரண்டாம் மாடிப் பட்டுப் பிரிவின் வாசலில் மயில்கழுத்து நிறச் சேலை உடுத்தி நின்ற பொம்மைதான் முதலில் முட்டியை மடக்கியது. அது ஒன்றும் அவசரப்படவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையால் கொசுவத்தை ஒதுக்கி, நாற்று நட்டுவிட்டுக் கரையேறியவள் வரப்பில் உட்கார்வதைப் போல உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டது. அதைப் பார்த்து அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்த மாடியில் நின்ற அத்தனை பொம்மைகளும் உட்கார்ந்தன. விலை பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நீட்டிய கால்களைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்து அலமாரியில் நின்று மிச்சத்தைப் பேசினாள்.

சூப்பர்வைசர் கோயில்பிள்ளை கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். அது கடைப்பெண்களுக்கான விசில். துணி மடிக்கிற சாக்கில் எவளாவது அலமாரியில் இடுப்பைச் சாய்த்தால், சேலைப் பெட்டியின் மேல் ஒரு நொடி குந்தினால், ஊதுகிற விசில். பொம்மைகளைப் பார்த்தும் அவர் அதே குரலில்தான் கத்தினார்.

“ஏய், எந்திரி! என்ன நெனப்புல உக்காந்திருக்க?”

பொம்மைகள் எழுந்திருக்கவில்லை. அதைக் கண்டு சிரித்த கடைப்பெண்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார் கோயில்பிள்ளை. அவர் சொன்னால் நடக்கக்கூடியது அது ஒன்றுதான்.

சுவரைப் பார்த்து நின்றவர்களில் பிரம்மசக்தி ஒருத்தி. அவள் வயிற்றில் மூன்று மாதம். போன தீபாவளிக் கூட்டத்தில், இதே மாடியில், இதே அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுடைய முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிற்று. ஆட்டோ வரும்வரை கஸ்டமர் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் கோயில்பிள்ளை. அப்போதும் நிற்கத்தான் சொன்னார். இந்தப் பிள்ளை வேண்டுமென்றால் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த லைன் வீடும் முதலாளியுடையது, பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியும் முதலாளியுடையது, அந்தக் கிட்டங்கியில் பைபர் பொம்மை வார்க்கிற அவள் புருஷன் தளவாயும் ஏறக்குறைய முதலாளியுடையவன். அவள் வேலையை விட்டால் அவர்கள் எல்லாவற்றையும் விட வேண்டும்.

உட்கார்ந்த பொம்மைகளைச் செய்தது தளவாய்தான். பொம்மைகளின் உடம்பு பிரம்மசக்தியுடையது.

பம்பாயிலிருந்து வந்த பொம்மைகளுக்கு இடுப்பே இல்லை, சேலை கட்டினால் கொடியில் காயப்போட்டது போல் இருக்கிறது என்று திரவியம் முதலாளிக்கு ஒரு குறை. முன்பு கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குதிரையும் பூதமும் வார்த்துக்கொண்டிருந்த தளவாயைக் கூப்பிட்டு, “நம்ம ஊரு பொம்பளை ஒடம்புக்கு ஒரு அச்சு எடுவே. ஒம் பொஞ்சாதி இருக்காள்லா, நல்லா நிப்பா,” என்றார். தளவாய் வீட்டுக் கதவைச் சாத்தி, அவள் உடம்பில் தேங்காயெண்ணெய் தடவி, மாவுக்கட்டுத் துணியை நனைத்து நனைத்துப் பதித்து, அது சூடேறி இறுகும்வரை அவளை நிறுத்தினான். காலையில் நின்றவள் மதியம்வரை அசையவில்லை.

“கடையில நிக்கறதுக்கு இது தேவலைங்க,” என்றாள். “இங்க சிரிக்க வேண்டாம்.”

அந்த அச்சுக்கு மெழுகு பூசி, பைபர் இழைப் பாயை விரித்து, ரெசினை ஊற்றிப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி மூலைமுடுக்கெல்லாம் இறக்கி, அது வெந்து ஆறியபின் பிரித்தெடுத்தபோது, கெண்டைக்காலிலிருந்து முட்டியின் பின்பக்கம்வரை நரம்புகளோடு வந்தது முதல் பொம்மை. பாகற்கொடி போல முறுக்கிக்கொண்டு புடைத்த நரம்புகள். பதினாறு வயதில் அந்தக் கடைக்கு வந்தவளின் அத்தனை வருஷத்து நிற்பும் அங்கே படர்ந்திருந்தது. தினமும் அவன் தைலம் தேய்த்துவிடுகிற கால்தான். ஆனாலும் அச்சுக்குள்ளிருந்து வந்த பிறகுதான் அது அவன் கண்ணில் பட்டது. நரம்பைத் தொடாமல், இரண்டு பாதியும் சேர்கிற இடத்தை மட்டும் தேய்த்து, பட்டிப் பசை வைத்து, பிரைமர் அடித்து, காய்ச்சி இறக்கிய கருப்பட்டிப் பாகைப் போன்ற அவள் நிறத்தையே கலந்து அடித்து வெளியே நிறுத்தினான்.

முதலாளி வந்து பார்த்தார். “இதென்னவே, கால்ல கொடி படந்திருக்கு? தேச்சு எடு. கலரையும் மாத்து. பட்டு கட்டுனா தூக்கிக் காட்டணும்லா? நல்ல செவப்பா அடி.”

“காலைச் சேலை மறைச்சிரும் மொதலாளி.”

“மறைச்சாலும் எனக்குத் தெரியும்லா?”

தெரியக் கூடாது என்பதற்காகத் தளவாய் தேய்த்தான். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான், கிரைண்டரால் தேய்த்தான், இனி வருகிறதிலும் வராமலிருக்க அச்சிலிருந்த நரம்புப் பள்ளங்களையெல்லாம் பட்டியால் அடைத்து வழித்தான். தளவாய்க்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைதான் ஓடும். அந்தத் தடவை கிட்டங்கி முழுக்க வெள்ளைப் புழுதி எழும்பி, கண்ணிலும் மூக்கிலும் சோற்றிலும் இறங்கி, அவன் பெண்டாட்டியின் கால் நரம்பை அவனே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். பிறகு வந்த பொம்மைகள் எல்லாம் வாழைத்தண்டுக் கால்களும் ரோஜா நிறத் தோலுமாக வந்தன, முதலாளி மகிழ்ந்தார், மாடியில் நிறுத்தினார்கள், அவை உட்கார்ந்துவிட்டன.

ஊர் அதற்குப் பல காரணம் சொன்னது. வெயிலில் ரெசின் இளகிவிட்டது என்றார் மருந்துக்கடைக்காரர். கட்டடம் தெற்கே சாய்கிறது என்று ஒரு என்ஜினியர் கோலியுருண்டையைத் தரையில் உருட்டிப் பார்த்தார். அது உருளாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. எதிர்க்கடைக்காரன் செய்வினை வைத்தான் என்று சொன்னதை எதிர்க்கடைக்காரனே பெருமையோடு மறுக்காமலிருந்தான். தளவாய்க்கு மட்டும் அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. நின்று பழகியதெல்லாம் அந்த நரம்பில்தான் இருந்தது, அதைத் தேய்த்தாயிற்று, அப்புறம் எதை வைத்துக்கொண்டு நிற்கும்?

முதலாளி சொன்னபடி கால்களுக்குள் இரும்புக் கம்பி இறக்கிப் பார்த்தான். பொம்மைகள் ஒரு காலைநேரம் நின்று, சாப்பாட்டு வேளை தாண்டியதும் கம்பியோடு மடங்கி உட்கார்ந்தன. கம்பியை உருவியெடுத்தபோது அது கொடுக்காப்புளி போலச் சுருண்டிருந்தது.

அதற்குள் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. உட்கார்ந்த பொம்மையைப் பார்க்கப் பஸ் ஏறி வந்தவர்கள் வந்ததுதான் வந்தோம் என்று ஒரு சேலை எடுத்தார்கள். மஞ்சளும் வெற்றிலையும் கொண்டுவந்து பொம்மையின் மடியில் வைத்தார்கள் சிலர். இடுப்பு வலிக்காரிகள் பொம்மையின் முட்டியைத் தொட்டுத் தங்கள் முட்டியில் ஒற்றிக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரன் வடக்கேயிருந்து உட்கார்ந்த நிலையிலேயே செய்த பொம்மைகளை வரவழைத்து வைத்தான். போய்ப் பார்த்த பெண்கள், “இது உக்கார வச்சது, அது தானா உக்காந்தது,” என்று சொல்லிவிட்டுத் தங்கத்தேருக்கே திரும்பினார்கள்.

தரையில் உட்கார்ந்தால் பட்டு கசங்குகிறது என்பது மட்டும்தான் முதலாளிக்கு மிஞ்சிய கவலை. அதற்காகத் தேக்கு நாற்காலிகள் வந்தன. கல்யாண மேடையில் போடுகிற மாதிரி, சிவப்பு வெல்வெட் மெத்தை தைத்து, கைப்பிடியில் மயில் செதுக்கிய நாற்காலிகள். பொம்மைக்கு ஒன்றாகப் போட்டார்கள். உட்கார்ந்தே இருந்தால் முதுகுப்பக்கம் பெயின்ட் இளகுமென்று ஆளுக்கொரு மேசை விசிறியும் வைத்தார்கள். நாற்காலிகளைத் தினமும் காலையில் துடைக்கிற வேலை கடைப்பெண்களுக்குக் கிடைத்தது. துடைத்துவிட்டு அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்கள். காலையில் நின்றார்கள், மதியம் நின்றார்கள், விளக்கு ஏற்றியபின் நின்றார்கள்.

“அடுத்த பெறப்புல பைபர்ல பொறக்கணும்ளா,” என்பாள் ரவிக்கைத்துணிப் பிரிவின் சொர்ணம். “மேல காத்து, கீழ மெத்தை. மாமியா கெடையாது.”

“அதுக்கும் ஒருத்தி நின்னு அச்சு குடுக்கணும்ளா,” என்பாள் பிரம்மசக்தி.

புரட்டாசி பிறந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தது. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு வாரைக் கழற்ற முடியவில்லை. அவள் கோயில்பிள்ளையிடம் போய் ஒரு முக்காலி கேட்டாள்.

“கஸ்டமர் நிக்கும்போது நீ உக்காந்தா மரியாதையா?”

“பொம்மை உக்காந்திருக்கே சார், அது மரியாதையா?”

“பொம்மைக்கு அறிவு கெடையாது. ஒனக்கு இருக்குல்லா? நில்லு.”

தளவாய் முதலாளியிடம் போனான். திரவியம் முதலாளி கெட்ட வார்த்தை பேசாதவர், நெற்றியில் திருநீறு அழியாதவர், யாரையும் அடிக்காதவர். தளவாய் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

“பாவம்தான். எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்திக்கு ஸ்டூல் போட்டா எல்லாவளும் கேப்பா. அப்புறம் இது கடையாவே, கல்யாண வீடா? நல்ல எண்ணெயாத் தேச்சுவிடு. ஆண்டவன் பாத்துக்கிடுவான்.” கண்ணைத் திறந்தார். “தீபாவளிக்கு இன்னும் ஆறு பொம்மை வேணும்.”

“நிக்கிற பொம்மையா மொதலாளி?”

“உக்கார்றதுதான். அதுக்குத்தானவே கூட்டம்?”

தளவாய் சரியென்று தலையாட்டினான். தலையாட்டியது தன் தலைதானா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

கடை விடுமுறையன்று அவள் கிட்டங்கிக்கு வந்து ரெசின் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தபோது அவன் மெதுவாக ஒரு யோசனை சொன்னான். பொம்மைக்கு அடிக்கிற ரோஜா நிறத்தைக் கொஞ்சம் இளக்கி அவள் முகத்திலும் கையிலும் அடித்துவிடலாம். கண்ணைச் சிமிட்டாமல் இருந்தால் போதும். கூட்டத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது, சாயங்காலம்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளை நிற்கும்.

பிரம்மசக்தி பெயின்ட் டப்பாவை எடுத்தாள். எடுத்துச் சுவரில் அடித்தாள். கிட்டங்கிச் சுவர் முழுக்க ரோஜா நிறம் வழிந்தது.

“உக்கார்றதுக்கு நான் பைபரா ஆகணுமோ? எங் கறுப்பு நின்னுக்கிட்டு இருக்கும், ஒங்க செவப்பு உக்காந்துக்கிடும், அப்படித்தான? போன வருசம் தூணுக்குப் பின்னால நின்னேனே, அப்ப என்ன கலர் அடிச்சிருக்கணும் எனக்கு?”

தளவாய் உருண்டு வந்த டப்பாவை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

“ஒங்களுக்குக் கோவமே வராதாங்க? ஏங் காலைத் தேச்சு எடுன்னு அவன் சொன்னான், சரின்னு தேச்சியளே. ஏங் காலு அது! அந்தப் பொம்மையெல்லாம் ஏங் காலு இல்லாம உக்காந்திருக்கு, ஏங் காலை மட்டும் வச்சுக்கிட்டு நான் நிக்கேன்.”

அவள் போனபிறகு அவன் சுவரில் வழிந்ததைக் கந்தையால் துடைத்தான். பிறகு அச்சின் இரண்டு பாதிகளையும் சாக்குமேல் கிடத்தி, சின்ன உளியை எடுத்து, தான் அடைத்த பட்டியைத் தானே பெயர்க்கத் தொடங்கினான். ஒவ்வொரு நரம்பாகத் தோண்டினான். பட்டி கல்லாக இறுகியிருந்தது; அவனுக்கும் உள்ளே இறுகியிருந்த ஏதோ ஒன்று அதோடு சேர்ந்து சில்லுச் சில்லாகத் தெறித்தது. தேய்க்கும்போது வராத வார்த்தைகள் தோண்டும்போது வந்தன. முதலாளியை, கோயில்பிள்ளையை, திருநீற்றை, மயில் செதுக்கிய தச்சனை, சரி சரி என்று ஆடிய தன் கழுத்தை, ஒன்று விடாமல் உரக்க வைதுகொண்டே தோண்டினான். லைன் வீட்டுக்காரர்கள் தளவாய்க்குக் குரல் இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தார்கள். மறுநாள் பிரம்மசக்தியின் பாதங்களுக்கும் கணுக்காலுக்கும், அவை அன்றிருந்த வீக்கத்தோடு, புது அச்சு எடுத்துப் பழைய அச்சோடு சேர்த்தான். எதற்கென்று அவள் கேட்கவில்லை. உட்கார்ந்தபடி காலை நீட்டிக் கொடுத்தாள்.

ஆறு பொம்மைகளும் நரம்போடு வந்தன. தேய்த்தால் அழியாத லாக்கர் பெயின்டில் அவள் நிறத்தைக் கலந்து இரண்டு கை அடித்தான். அது காய்ந்தபின், அதன்மேல், தண்ணீர் பட்டால் கரைகிற பவுடர் சாயத்தில் ரோஜா நிறம் அடித்தான். பாதம்வரை சேலை கட்டி அனுப்பினான். முதலாளி ஒரு பொம்மையின் கன்னத்தைத் தட்டி, “இப்பத்தான்வே ஒனக்குக் கை படிஞ்சிருக்கு,” என்றார். நிற்கக்கூடிய கால்களை வைத்துக்கொண்டு அந்த ஆறும் முதலாளி போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து காத்திருந்தன.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கடையில் ஏசி தோற்றுப்போனது. படிக்கட்டெல்லாம் ஜனம். மூச்சும் வேர்வையும் மல்லிகைப்பூவும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்து சுவரெல்லாம் கசிந்தது. ஒரு பொம்மையின் விரலைப் பிள்ளை ஒன்று உடைத்துவிட்டதென்று பட்டியும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு தளவாய் இரண்டாம் மாடிக்கு வந்திருந்தான். பிரம்மசக்தி போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றாள். ஆறு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் சேலை விரித்தாள். உதடு வெளுத்திருந்தது. தூணை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்ததைத் தளவாய் பார்த்தான்.

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த புதுப் பொம்மைக்கு வேர்த்தது. நெற்றியிலிருந்து ரோஜா நிறம் கோடு கோடாக இறங்கிச் சேலையில் சொட்டியது.

“பொம்மைக்கு வேர்க்கு பாருங்க,” என்றாள் ஒரு கஸ்டமர்.

கோயில்பிள்ளை ஓடிவந்து விசிறியைப் பொம்மையின் பக்கம் இன்னும் நெருக்கி வைத்தார். பிரம்மசக்தியின் மேல் பட்டுக்கொண்டிருந்த கொஞ்சக் காற்றும் போயிற்று.

அப்போது பொம்மை எழுந்தது. டவுன் பஸ்ஸில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறினால், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற எவளோ ஒருத்தி கம்பியைப் பிடித்து எழுவாளே, நன்றிக்கு நிற்காமல், முகத்தைக்கூடப் பார்க்காமல், அப்படி எழுந்து ஒதுங்கி நின்றது. கரைந்த சாயத்துக்குக் கீழே கருப்பட்டி நிறம் பளபளத்தது. கொசுவம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வீங்கிய கணுக்காலும் அதன்மேல் முறுக்கிய நரம்பும் எல்லோர் கண்ணிலும் பட்டன.

நாற்காலி காலியாக இருந்தது. பேத்திக்குப் பாவாடைத்துணி எடுக்க வந்த ஒரு கிழவி, பஸ்ஸில் சொல்வது போலவே சொன்னாள்.

“உக்காருளா. எடம் விட்டிருக்கால்லா.”

பிரம்மசக்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையில்லை, பாரம் இறக்குகிற லாரியின் சத்தம். மற்ற ஐந்து புதுப் பொம்மைகளும் எழுந்து ஒதுங்கின. சொர்ணம் உட்கார்ந்தாள், இன்னொருத்தி உட்கார்ந்தாள், நாற்காலி கிடைக்காதவர்கள் சேலைப் பெட்டிகளில் உட்கார்ந்தார்கள், பெட்டி கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். கோயில்பிள்ளை ஊதினார், ஊதினார், கன்னம் உப்பி விசில் உமிழ்நீரில் அடைக்கும்வரை ஊதினார்.

முதலாளி இறங்கி வந்தார். அவர் முகத்தில் திருநீறு முதல்முறையாக அழிந்திருந்தது.

“எந்திரி.”

“மாட்டேன் மொதலாளி,” என்றாள் பிரம்மசக்தி. “நிக்கறதுக்கு ஒங்களுக்கு ஆளு வேணும். அதோ நிக்கா பாருங்க, எங் காலோட. அவளை நிக்க வச்சுக்கிடுங்க.”

முதலாளி பொம்மையைப் பார்த்தார், அதன் காலைப் பார்த்தார், பிறகு தளவாயைப் பார்த்தார். “இத உக்கார வைவே.”

“வைக்கலாம்,” என்றான் தளவாய். “காலைத் தேய்க்கணும். தேய்க்க மாட்டேன்.” உப்புத்தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் கல்லாப்பெட்டிமேல் போட்டான். “நீரே தேச்சுக்கிடும். சும்மாதான நிக்கீரு?”

முதலாளி உட்கார இடம் தேடினார். ஆடியில் வந்த பழைய பொம்மைகள், வழவழவென்று தேய்த்த கால்களோடு, மயில் செதுக்கிய நாற்காலிகளில் சிரித்தபடி இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவருக்காக எழுந்திருக்கவில்லை. கடை அடைக்கும்வரை அந்த மாடியில் அவரும் கோயில்பிள்ளையும் ஆறு பொம்மைகளும் நின்றார்கள்.

மறுநாளே தளவாயையும் பிரம்மசக்தியையும் வெளியேற்றினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு அச்சின் இரண்டு பாதிகளையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார்கள். முதலாளி திருந்தவில்லை. நாற்காலிகளை எடுத்துவிடத்தான் பார்த்தார். ஆனால் பொம்மை எழுந்து இடம் விடுவதைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்தது, வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தேடினார்கள், அதனால் நாற்காலிகள் இருந்தன, அவற்றில் பெண்கள் இருந்தார்கள். தன்னுடைய பெரிய மனசுதான் அதற்குக் காரணம் என்று கோயில் மேடையில் அவர் பேசியபோது கைதட்டினார்கள்.

தை மாதம் பிரம்மசக்திக்குப் பெண் பிறந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும்படி அழுகிற கோபக்காரப் பிள்ளை. அது தவழ்ந்து, சுவரைப் பிடித்து, பிடியை விட்டுத் தள்ளாடிய நாளில், இரண்டு அக்குளிலும் கைகொடுத்து நிறுத்தக் குனிந்தான் தளவாய். பிரம்மசக்தி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“விடுங்க. அவளுக்கா தோணும்போது நிக்கட்டும்.”